தைராய்டு அறுவைக்குப் பின் தைரோக்சினும் கால்சியமும்: எதை எப்போது கொடுப்பது?

சிப்புட்_வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடமைப்புப் பகுதியில் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு வயது 61, எடை 54 கிலோ. பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். கழுத்துக் கழலை பெரிதாகி, சோற்றை விழுங்குவதற்கே சிரமம் வந்துவிட்டதால், சென்ற ஆண்டு தைராய்டு சுரப்பியை முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். புற்றுநோய் இல்லை என்று அறிக்கை வந்தது.

அதன் பிறகு தினமும் லெவோதைராக்சின் (சுருக்கமாகத் தைரோக்சின்) என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை கால்சியம் கார்பனேட், இரண்டு வேளை கால்சிட்ரியால் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறார். இவற்றோடு வயிற்றுப் புண்ணுக்காக ஓமெப்ரசோலும் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் உண்டு. முதலில் தைரோக்சின் 100 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். பிறகு 125 ஆயிற்று, இப்போது 150. ஆனாலும் சென்ற மாதப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (உடலில் தைராய்டு ஹார்மோன் போதாதபோது உயரும் அளவு) 12-க்கு மேல் இருந்தது. அடுத்த முறையும் இறங்காவிட்டால் 175-ஆக உயர்த்த வேண்டியிருக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அம்மாவோ எப்போதும் சோர்வாகவும், குளிர்கிறது என்றும், மலச்சிக்கல் என்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அம்மா காலையில் பசியாறி, பால் தே குடித்து முடித்தபின், எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக உள்ளங்கையில் கொட்டி ஒரே வாயில் விழுங்குவார். மருந்தை அவர் ஒரு நாளும் மறப்பதில்லை. அதை நானே பார்க்கிறேன். ஒருமுறை மட்டும் கால்சியம் தீர்ந்துபோய் இரண்டு நாள் இல்லாமல் இருந்தபோது, உதட்டைச் சுற்றி ஊறுவது போலவும் விரல்கள் தாமாக மடங்கி இழுப்பது போலவும் இருந்தது. தைரோக்சின் அதிகமானதால்தான் அப்படி ஆயிற்று என்று அம்மா நம்புகிறார்.

சின்னம்மாவுக்கும் தைராய்டு உண்டு. அவர் கார்பிமசோல் சாப்பிட்டு ஆறே மாதத்தில் தேறிவிட்டாராம். "எனக்கு மிச்சம் இருக்கிறது, நீயும் போட்டுப் பார்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அளவைக் கூட்டிக்கொண்டே போவது சரிதானா, கால்சியத்தை நிறுத்தலாமா, கார்பிமசோல் உதவுமா என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற_மருந்தாளர்:

வணக்கம் மகளே. கால்சியத்தை நிறுத்தாதீர்கள், கார்பிமசோலை உங்கள் அம்மாவின் கண்ணில்கூடக் காட்டாதீர்கள். இவ்விரண்டையும் முதலில் சொல்லிவிட்டு அளவுப் பிரச்சினைக்கு வருகிறேன்.

எடையை நீங்கள் குறிப்பிட்டது நல்லதாயிற்று. தைராய்டு முழுவதும் நீக்கப்பட்டவருக்குப் பொதுவாக நாளொன்றுக்கு, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் தேவைப்படும். 54 கிலோவுக்குக் கணக்கிட்டால் 86 மைக்ரோகிராம் வருகிறது. ஆளுக்கு ஆள் சற்று மாறும் என்றாலும் 100 போதுமானதாக இருந்திருக்க வேண்டும். 150 கொடுத்தும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால், ஒன்று மாத்திரையை விழுங்கவில்லை, அல்லது விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் சேரவில்லை. மறப்பதில்லை என்று நீங்கள் உறுதியாகச் சொல்வதால் இரண்டாவதே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கால்சியம் கார்பனேட்டும் தைரோக்சினும் ஒரே நேரத்தில் குடலில் இருந்தால், தைரோக்சின் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, உறிஞ்சப்படாமலே மலத்தோடு வெளியேறிவிடுகிறது. இரும்புச் சத்து மாத்திரையும், அலுமினியம், மெக்னீசியம் கலந்த வயிற்று மருந்துகளும் இதையே செய்யும். இவற்றுக்கும் தைரோக்சினுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். பால், சோயாப் பால், கோப்பி, ஏன், சாதாரணப் பசியாறல்கூட உறிஞ்சப்படும் அளவைக் குறைக்கும். அதனால்தான் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறச் சொல்கிறோம். போதாததற்கு, ஓமெப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கிறது. அமிலம் குறைந்தால் தைரோக்சின் மாத்திரை சரியாகக் கரைவதில்லை. கால்சியம் கார்பனேட்டும் கரைவதற்கு அமிலத்தையே நம்பியிருக்கிறது, அதனால் அதை உணவோடுதான் எடுக்க வேண்டும். ஆக, ஒரே கையளவில் விழுங்கப்படும் இரண்டு மாத்திரைகளில் ஒன்றுக்குக் காலி வயிறு வேண்டும், மற்றொன்றுக்குச் சாப்பாடு வேண்டும். உங்கள் அம்மா தவறு செய்தார் என்று சொல்லமாட்டேன். பையில் போட்டுக் கொடுக்கும்போது இதை எடுத்துச் சொல்ல வேண்டியது எங்கள் தரப்பின் வேலை.

இனி நான் சொல்லப்போவதை உங்கள் அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். நேரத்தைப் பிரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து, 150 மைக்ரோகிராமை நாளை முதல் வெறும் வயிற்றில் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். இதுவரை பாதி வீணாகிப்போன மாத்திரை இனி முழுவதுமாக உடலில் சேரும். அப்போது 54 கிலோ எடையுள்ள 61 வயது அம்மாவுக்கு அது மிகையாகி, படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை ஆகியவை வரலாம். இந்த வயதில் தைராய்டு ஹார்மோன் மிகையாக நீடித்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடுவதற்கும், எலும்பு தேய்வதற்கும் இடமுண்டு. அடுத்த தேதிவரை காத்திராமல் கிளினிக்குக்குச் சென்று, "அம்மா இதுவரை தைரோக்சினைப் பசியாறியபின் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கினார், இனி நேரத்தை மாற்றப்போகிறோம், அளவு என்னவாக இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். அளவைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை. ஆனால் இந்தச் செய்தி அவரிடம் இல்லாவிட்டால் 175 என்று எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

உதட்டில் ஊறியதற்கும் தைரோக்சினுக்கும் தொடர்பில்லை. தைராய்டின் பின்புறத்தில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள், ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவில், ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய கழலையை நீக்கும்போது அவற்றின் இரத்த ஓட்டம் பாதிக்கப்படலாம், சில சமயம் அவையும் சேர்ந்து போய்விடலாம். அவை சுரக்கும் ஹார்மோன்தான் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கிறது, சிறுநீரில் வீணாகாமல் தடுக்கிறது, வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை இல்லாததால்தான் சாதாரண வைட்டமின் டி-க்குப் பதிலாக, ஏற்கெனவே செயல்படும் வடிவில் உள்ள கால்சிட்ரியாலைக் கொடுக்கிறார்கள். இரண்டு நாள் கால்சியம் இல்லாததால் இரத்தத்தில் அதன் அளவு இறங்கியது. ஊறலும் விரல் இழுப்பும் அதன் அடையாளங்கள். மீண்டும் வந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மிகக் குறைந்தால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம்.

அதற்காகப் பயந்து தாராளமாகவும் கொடுக்கக்கூடாது. பாராதைராய்டு ஹார்மோன் இல்லாத உடலில் கால்சியம் சிறுநீர் வழியே அதிகமாகக் கசியும். கால்சியத்தையும் கால்சிட்ரியாலையும் மிகையாகக் கொடுத்தால் சிறுநீரகக் கல்லும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். இதனால்தான் மருத்துவர்கள் இரத்தக் கால்சியத்தை இயல்பு அளவின் கீழ்ப்பகுதியில் வைத்திருக்க விரும்புகிறார்கள். அறிக்கையில் எண் சற்றுக் குறைவாகத் தெரிகிறதே என்று நீங்களாக ஒரு மாத்திரையைச் சேர்க்காதீர்கள்.

செம்பனைத்தோப்பு:

சகோதரி, என் மனைவிக்கும் தைரோக்சின்தான். அவர் இரவு படுக்கும்போது விழுங்குகிறார். காலை அவசரத்தில் அரை மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லாததால் எங்களுக்கு அதுவே வசதியாக இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் அப்படியே செய்யலாமே. மேலும் கடற்பாசி மாத்திரை தைராய்டுக்கு நல்லது என்று ஈப்போவில் ஒரு கடையில் சொன்னார்கள். இயற்கையானது என்பதால் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை என்பது என் எண்ணம்.

தாப்பா_தாதி:

நான் ஒரு கிளினிக்கில் தாதியாகப் பணிபுரிகிறேன். உங்கள் சின்னம்மாவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, அதனால் அதையே எழுதுகிறேன்.

"தைராய்டு இருக்கிறது" என்று நம் மக்கள் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். சுரப்பி அதிகமாக வேலை செய்பவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார், சுரப்பியே இல்லாதவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். கார்பிமசோல் உடலுக்குள் மெத்திமசோலாக மாறி, தைராய்டு ஹார்மோன் உற்பத்தியாவதைத் தடுக்கிறது. உங்கள் அம்மாவுக்கு உற்பத்தி செய்ய சுரப்பியே இல்லை; ஆகவே அதனால் ஒரு பயனும் வராது, பக்கவிளைவு மட்டுமே வரும்.

சின்னம்மா ஆறு மாதத்தில் தேறி, மாத்திரை மிச்சம் இருக்கிறது என்றால், அவர் தாமாகவே நிறுத்திவிட்டாரோ என்று சந்தேகப்படுகிறேன். தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோலைப் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் கொடுக்கிறார்கள். சில வாரங்களிலேயே நடுக்கமும் படபடப்பும் அடங்கி, எடையும் திரும்பிவிடும். நலம் பெற்றுவிட்டோம் என்று நோயாளி நினைக்கும் கட்டம் அதுதான். ஆரம்பத்தில் படபடப்புக்காகப் புரோப்ரானோலாலும் கொடுப்பார்கள். அது துடிப்பை அடக்குமே தவிர நோயைத் தொடாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகவும் ஆகாது. முழுக் காலமும் சாப்பிட்டாலும் நிறுத்தியபின் பலருக்கு நோய் திரும்புகிறது. திரும்பினால் மீண்டும் மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எது பொருத்தம் என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். அவரை மீண்டும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அவர் கார்பிமசோலை மீண்டும் தொடங்க நேர்ந்தால் ஒன்றை மறக்கக்கூடாது. ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், இந்த மருந்து வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். காய்ச்சல், கடுமையான தொண்டை வலி, வாய்ப்புண் ஆகியவை அதன் அறிகுறிகள். அவை வந்த அன்றே கார்பிமசோலை நிறுத்திவிட்டு, கிளினிக்கிலோ அவசரப் பிரிவிலோ முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை செய்ய வேண்டும். நம் தோட்டப் புறங்களில் காய்ச்சல் என்றதும் பானடோலைப் போட்டு இரண்டு நாள் பார்ப்போம். மூன்றாம் நாள் டெங்கியாக இருக்குமோ என்று கிளினிக்குக்குச் செல்வோம். டெங்கியிலும் வெள்ளை அணுக்கள் குறையும். நோயாளி வாய் திறந்து "நான் கார்பிமசோல் சாப்பிடுகிறேன்" என்று சொல்லாவிட்டால், குறைந்த எண்ணிக்கையைப் பார்க்கும் மருத்துவர் அதை டெங்கியின் கணக்கில் சேர்த்துவிட வாய்ப்பிருக்கிறது. மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் குடும்பத்தில் கருத்தரிக்கும் வயதில் பெண்கள் யாரேனும் இம்மருந்துகளில் இருந்தால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கார்பிமசோல் எடுப்பவர் கருத்தரிக்கத் திட்டமிட்டாலோ, கருத்தரித்துவிட்டாலோ உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கருவின் முதல் மூன்று மாதங்களில் மருந்து தேவைப்பட்டால் புரோபைல்தையோயுராசிலைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அதற்குக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடிய பக்கவிளைவு இருப்பதால்தான் மற்ற நேரங்களில் அதை முதலில் எடுப்பதில்லை. தைரோக்சின் எடுப்பவருக்கோ கருத்தரித்தவுடன் தேவை கூடும், அதனால் முதல் மாதவிடாய் தள்ளிப்போனதுமே பரிசோதனைக்கு வர வேண்டும்.

கால்சியம் தீர்ந்துபோனது என்று எழுதியிருந்தீர்கள். ஈப்போவில் எழுதிக் கொடுக்கும் தொடர் மருந்தை உங்கள் ஊர் அரசாங்க மருத்துவமனை அல்லது கிளினிக்கிலேயே பெற்றுக்கொள்ள எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. மருந்தகச் சாளரத்தில் கேட்டால் பதிவு செய்து கொடுப்பார்கள்.

வாரம்_மூன்று_முறை:

நான் சிறுநீரகச் செயலிழப்பால் டயாலிசிஸ் செய்துகொள்பவன். இந்தத் திரியைப் படிப்பவர்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். சிப்புட் சகோதரியின் அம்மாவுக்குப் பாராதைராய்டு ஹார்மோன் இல்லை. எனக்கு அது அளவுக்கு மீறி இருக்கிறது. சிறுநீரகம் கெட்டால் பாஸ்பரஸ் வெளியேறாது, கால்சிட்ரியாலும் உருவாகாது. கால்சியம் இறங்க இறங்கப் பாராதைராய்டு சுரப்பிகள் பெருத்து ஹார்மோனைக் கொட்டும், அது எலும்பை அரிக்கும்.

எனக்கும் கால்சியம் கார்பனேட்தான் கொடுக்கிறார்கள், ஆனால் நோக்கம் வேறு. சாப்பாட்டோடு மென்று விழுங்கினால் உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சாப்பாடு இல்லாத நேரத்தில் விழுங்கினால் எனக்கு அது அந்த வேலையைச் செய்யாது. இதோடு சினகால்செட் என்ற மாத்திரையும் எடுக்கிறேன். இரத்தத்தில் கால்சியம் உண்மையில் இருப்பதைவிட அதிகமாக இருக்கிறது என்று பாராதைராய்டை நம்பவைப்பது இதன் வேலை. சுரப்பி உடனே ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு, உடைக்காமல் விழுங்க வேண்டும். குமட்டல் கடுமையாக இருக்கும். மாலைச் சாப்பாட்டுக்கு மாற்றிய பிறகுதான் எனக்குச் சமாளிக்க முடிந்தது. இதுவும் கால்சியத்தை இறக்கிவிடக்கூடும் என்பதால் உதடு ஊறினால் எங்கள் மையத்தில் உடனே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவின் கால்சிட்ரியாலைப் பார்த்து, "எனக்கும் அதே மாத்திரைதான்" என்று அக்கம்பக்கத்தில் டயாலிசிஸ் நோயாளி யாராவது அளவைப் பற்றி ஆலோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

சிப்புட்_வாசகி:

அனைவருக்கும் நன்றி. மருந்தாளர் ஐயா சொன்னபடி கிளினிக்கில் விவரத்தைச் சொன்னோம். மருத்துவர் தைரோக்சினை 100-க்கு இறக்கி, வெறும் வயிற்றில் தனியாகக் கொடுக்கச் சொல்லி, ஆறு வாரத்தில் இரத்தப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார். சின்னம்மா மருந்தைத் தாமாகவே நிறுத்தியது உண்மைதான். அவரையும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.

இன்னும் சில ஐயங்கள் உள்ளன. இரவில் கொடுப்பது எளிதா, காலையில் கொடுப்பதா? ஒரு நாள் தவறினால் என்ன செய்வது? பரிசோதனை அன்று மாத்திரை விழுங்கலாமா? "சாகும்வரை இதையே சாப்பிட வேண்டுமா?" என்று அம்மா கேட்கிறார், அதற்கு என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற_மருந்தாளர்:

தம்பி செம்பனைத்தோப்பு சொன்ன இரவு நேரம் பலருக்குப் பொருந்தும். கடைசி உணவுக்கு மூன்று மணி நேரத்துக்குப் பிறகு விழுங்கினால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அவர் மனைவி இரவில் கால்சியம் எடுப்பதாக எழுதவில்லை. உங்கள் அம்மா இரவு 8 மணிச் சாப்பாட்டோடு கால்சியம் எடுத்தால் தைரோக்சினுக்காக நள்ளிரவுவரை விழித்திருக்க வேண்டும். பால்மரம் வெட்டியவருக்கு ஓய்வுக்குப் பிறகும் நான்கரை, ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும்; அந்தப் பழக்கத்தையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். எழுந்ததும் தைரோக்சினை வெறும் தண்ணீரில் விழுங்கட்டும். ஆறு மணிக்குப் பசியாறலாம், அதில் பாலைக் குறைத்துத் தே ஓ-வாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கால்சியத்தை ஒன்பதரை மணிக்கு ஏதேனும் சிற்றுண்டியோடும், அடுத்ததை மதியச் சோற்றோடும், மூன்றாவதை இரவுச் சாப்பாட்டோடும் கொடுங்கள். கால்சிட்ரியாலை முதல் கால்சியத்தோடும் கடைசிக் கால்சியத்தோடும் சேர்த்துவிடலாம்.

கடற்பாசி மாத்திரை வேண்டாம். அதில் அயோடின் மிகுதியாக இருக்கும். சுரப்பி இல்லாத உங்கள் அம்மாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, சின்னம்மாவின் நோயை அது மோசமாக்கலாம்.

தைரோக்சின் ஒரு நாள் தவறினால் பதறத் தேவையில்லை. அதன் பாதி அளவு இரத்தத்திலிருந்து நீங்குவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அன்றே நினைவு வந்தால் வயிறு காலியாக உள்ள நேரத்தில் கொடுத்துவிடலாம். அளவை மாற்றியபின் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வதற்கும் இந்த மெதுவான குணமே காரணம். இரண்டாம் வாரத்தில் "ஒன்றும் தேறவில்லையே" என்று அம்மா சொன்னால் பொறுக்கச் சொல்லுங்கள். கால்சியமும் கால்சிட்ரியாலும் அப்படியல்ல; அவை தவறினால் ஓரிரு நாளிலேயே உடல் காட்டிக்கொடுத்துவிடும், அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஆகவே வீட்டில் எப்போதும் ஒரு வாரத்துக்குக் குறையாத கால்சியம் கையிருப்பில் இருக்கட்டும். தைரோக்சின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஆகாது. அடுப்புக்கு மேலுள்ள தட்டிலோ, தகரக் கூரை சுடும் அறையிலோ வைக்காமல், அதன் உறையிலேயே வைத்து அன்றன்று பிரித்துக் கொடுங்கள்.

ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் இது உடல் தானே சுரந்துகொண்டிருந்த ஹார்மோனின் அதே வடிவம். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி என்ற மருத்துவர், தைராய்டு குறைந்து நலிந்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொடுக்கத் தொடங்கினார். அந்தப் பெண் அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்து 74 வயதில் காலமானார். இன்று அளவு துல்லியமாகத் தெரிந்த மாத்திரை நம் கையில் இருக்கிறது. பாராதைராய்டைப் பொறுத்தவரை, அறுவைக்குப் பின் சில மாதங்களில் பலருக்கு அது மீண்டுவிடுகிறது. உங்கள் அம்மாவுக்கு ஓராண்டு ஆகிவிட்டதால் நிலையாகத் தங்கிவிட்டதா என்பதை அறிய, பாராதைராய்டு ஹார்மோன் அளவையும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பரிசோதனை அன்று இரத்தம் எடுத்த பிறகு தைரோக்சினைக் கொடுங்கள். விழுங்கிய சில மணி நேரத்துக்கு இரத்தத்தில் தைரோக்சின் அளவு உயர்ந்து காட்டும். முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை ஏதேனும் வாங்கிக் கொடுத்திருந்தால் இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள், அது பரிசோதனை எண்களையே பொய்யாக்கிவிடும். டி.எஸ்.எச்.-உடன் கால்சியம், பாஸ்பேட், மெக்னீசியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மெக்னீசியத்தைக் குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம், ஓமெப்ரசோலை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு அது குறையக்கூடும். அது குறைந்தால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் இரத்தத்தில் ஏறாது. ஓமெப்ரசோல் இன்னும் தேவையா என்பதையும், தேவையென்றால் அமிலத்தை நம்பியிராத கால்சியம் சிட்ரேட்டுக்கு மாறலாமா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.